எம்எக்ஸ்960-ஐ ராக்கில் ஏற்றுவது: நாலு பேர் தூக்கினால் போதுமா?

ஈரோட்டு_இழை:

வணக்கம். எங்களுடையது ஈரோடு பக்கம் கேபிள் டிவியிலிருந்து பிராட்பேண்டுக்கு வந்த சின்ன நிறுவனம். இதுவரை ஒரு எம்எக்ஸ்480 ரூட்டரில் ஓட்டிக்கொண்டிருந்தோம். இப்போது அதைவிடப் பெரிய ரூட்டர், பழைய ஜூனிப்பர் எம்எக்ஸ்960 ஒன்று வாங்கியிருக்கிறோம். மரப்பெட்டியோடு கீழே ஷெட்டில் இறக்கியாயிற்று. சாதனங்களை மாட்டும் இரும்புச் சட்டமான ராக் இருப்பது முதல் மாடியில். குடியிருக்கக் கட்டிய வீடு, லிஃப்ட் கிடையாது.

ராக் 42 யூ உயரம் (ஒரு யூ 44.45 மி.மீ), 600 மி.மீ அகலம், 1000 மி.மீ ஆழம், சக்கரம் வைத்தது. 18-ஆம் யூவிலிருந்து 3 கேவிஏ யூபிஎஸ் இரண்டு இருக்கின்றன. அதற்கு மேலே 480, ஸ்விட்சுகள், பேட்ச் பேனல். அடியில் முழுக்க காலி. அந்தக் காலி இடத்தில் 960 சரியாக உட்காரும் என்பது என் எண்ணம்.

விற்றவர் சொல்வது இதுதான்: "நாலு லோடுமேன் வையுங்கள், தூக்கி முன்பக்கம் திருகுங்கள், வேலை முடிந்தது." பெட்டியோடு வரவேண்டிய மவுண்டிங் ஷெல்ஃப் வரவில்லை. கேட்டால் அது தேவையே இல்லை என்கிறார். அப்படிப் போடலாமா? போட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

பழைய_ஸ்பானர்:

தம்பி, முதல் காரியமாக அந்த லோடுமேன்களை வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெட்டியைக் கீழேயே பிரிக்கலாம்.

960 பதினாறு யூ உயரம். எல்லா ஸ்லாட்டும் நிரம்பியிருந்தால் 150 கிலோவைத் தாண்டும். ஆனால் அந்த எடை முழுவதும் வெளிக்கூட்டுடையது அல்ல. லைன் கார்டு ஒவ்வொன்றும் ஆறேழு கிலோ, பவர் சப்ளை நாலு, மேலும் கீழுமாக ஃபேன் ட்ரே இரண்டு, எஸ்சிபி எனும் கட்டுப்பாட்டுக் கார்டுகள், ஏர் ஃபில்டர், முன்னாலிருக்கும் கேபிள் மேனேஜர். எல்லாவற்றையும் உருவிவிட்டால் வெற்றுக் கூடு எழுபது கிலோ அளவுக்கு வந்துவிடும். கையால் தூக்குவதாக இருந்தால் இதையெல்லாம் கழற்றிவிட்டுத்தான் தூக்கச் சொல்கிறது ஜூனிப்பரின் கையேடும். விற்றவருக்கு அதைப் படித்துக் காட்டுங்கள்.

கழற்றும்போது எந்தக் கார்டு எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று டேப் ஒட்டி எழுதிவிடுங்கள், ஒரு போட்டோவும் எடுங்கள். மணிக்கட்டு ஸ்ட்ராப் கட்டாமல் கார்டைத் தொடாதீர்கள். கார்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது. பின்னால் இருக்கும் கனெக்டர் தரையில் படும்படி நிறுத்தவும் கூடாது. ஒரு பின் வளைந்த கார்டைச் செருகினால் போவது கார்டு மட்டுமல்ல, கார்டுகள் எல்லாம் செருகும் நடுப்பலகையான மிட்பிளேனும்தான். அதை மாற்ற மறுபடி கூட்டை வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் பிடிக்கும் இடம். பவர் சப்ளையில் ஒரு கைப்பிடி, ஃபேன் ட்ரேயில் ஒரு கைப்பிடி என்று பார்த்தவுடன் கை தானாகப் போகும். அவையெல்லாம் அந்தந்தப் பாகத்தை உருவுவதற்கு மட்டும். கூட்டின் எடையை அதில் கொடுத்தால் பாகம் கையோடு வரும், கூடு கால்மேல் வரும். கூட்டின் அடித்தகட்டைத்தான் பிடிக்க வேண்டும்.

இனி ஷெல்ஃப். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே துளைக்கு நேராகத் திருகைத் தேடுகிற அந்த அரை நிமிடத்தில்தான் எல்லா விபத்தும் நடக்கிறது. பிடித்திருப்பவர் கை தளரும், திருகு போடுபவர் "இன்னும் கொஞ்சம் மேல, கொஞ்சம் இடது" என்பார். அடியில் ஷெல்ஃப் இருந்தால் எடை அதன்மேல் உட்கார்ந்துவிடும், திருகைப் பத்து நிமிடம் கழித்துக்கூடப் போடலாம்.

ஒரிஜினல் ஷெல்ஃப் கிடைக்காவிட்டால், நாலு தூணிலும் மாட்டுகிற கனமான ஷெல்ஃப் ஒன்று வாங்குங்கள். தாங்கும் எடை எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். ராக் கடைகளில் எல் ஆங்கிள் ஜோடியாகவும் விற்பார்கள், அதுவும் பரவாயில்லை. முன்தூண் இரண்டில் மட்டும் தொங்குகிற ஷெல்ஃப் வேண்டவே வேண்டாம், அது மோடம் வைக்க.

செலவுக்_கணக்கு:

எல்லாரும் பயமுறுத்துகிறீர்கள். நாங்கள் 960 இரண்டு போட்டிருக்கிறோம். ஷெல்ஃப் கிடையாது, முன்பக்கம் ஒரு பக்கத்துக்கு எட்டுத் திருகு. இன்றைக்கும் அசையாமல் நிற்கிறது. எம்6 திருகு ஒன்று எத்தனை கிலோ தாங்கும் தெரியுமா? பதினாறு திருகு 150 கிலோவைத் தாங்காதா? எங்கள் லோடுமேன்கள் கிரானைட் பலகையே தூக்குகிறவர்கள்.

கடல்தாண்டி:

சிங்கப்பூரில் டேட்டா சென்டர் வேலை. இங்கே கூட்டைக் கையால் தூக்கினால் சைட்டை விட்டே வெளியே அனுப்பிவிடுவார்கள். கைப்பிடி சுற்றும் லிஃப்ட் ஒன்றைக் கொண்டுவந்து, தட்டை ஷெல்ஃபின் மட்டத்துக்கு ஏற்றி, அப்படியே உள்ளே தள்ளுவோம்.

கிரானைட் தூக்குகிறவர்கள் என்றதற்கு ஒரு வார்த்தை. பிரிட்டனின் பணிப் பாதுகாப்பு அமைப்பான எச்எஸ்இ வழிகாட்டுதலில் ஆண் ஒருவருக்கு இடுப்பு உயரத்தில், உடம்போடு ஒட்டிப் பிடித்தால் 25 கிலோ. அதே ஆள் தரையிலிருந்து எடுத்தால் 10 கிலோதான். அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் கணக்கு, எல்லாம் சாதகமாக இருக்கும்போதே 23 கிலோவில் தொடங்கி, குனிவதற்கும் திரும்புவதற்கும் கழித்துக்கொண்டே போகும்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: ஆள் கூடினால் எடை அப்படியே பெருகாது. இருவர் சேர்ந்தால் இருவர் சக்தியின் கூட்டுத்தொகையில் மூன்றில் இரண்டு பங்கு, மூவர் சேர்ந்தால் பாதி என்று அதே எச்எஸ்இ சொல்கிறது. 25 கிலோக்காரர் மூவர் சேர்ந்தால் 75 வராது, 37 சொச்சம்தான். ஒருவர் உயரம், ஒருவர் குட்டை, ஒருவர் முந்தித் தூக்குவார். எடை ஒரே சீராகப் பிரிவதே இல்லை. ராக்குக்கு முன்னால் மூன்று பேருக்கு மேல் நிற்க இடமும் கிடையாது, நாலாவது ஆள் வேடிக்கைதான் பார்ப்பார்.

பழைய_ஸ்பானர்:

செலவுக்கணக்கு சார், உங்கள் திருகு அறுந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கணக்காகவே பார்த்துவிடலாம்.

960-இன் ஆழம் 58 செ.மீ அளவில். எடை நடுவில் இருப்பதாக வைத்தால் காதிலிருந்து, அதாவது முன்தூணில் திருகும் பக்கத் தகட்டிலிருந்து, 29 செ.மீ பின்னால் 150 கிலோ தொங்குகிறது. கூடு பின்னால் சாய்ந்து விழாமல் கீழ்த் திருகுகள் இழுத்துப் பிடிக்கின்றன, மேல்விளிம்பு தூணில் அழுந்துகிறது. மேலுக்கும் கீழுக்கும் 68 செ.மீ. ஆக கீழ்த் திருகுகளுக்கு வரும் இழுப்பு 150 × 29 ÷ 68, அதாவது 64 கிலோ. எம்6-க்கு இது தூசு. கூடு உயரமாக இருப்பதால் தப்பித்தது.

இப்போது அதே கணக்கை ஒரு 2 யூ யூபிஎஸ்ஸுக்குப் போடுங்கள். 45 கிலோ, ஆழம் 60 செ.மீ. முதல் துளைக்கும் கடைசித் துளைக்கும் நடுவே இருப்பது 7.6 செ.மீ மட்டும். 45 × 30 ÷ 7.6. விடை 177 கிலோ! எடை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, இழுப்போ கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ரெயில் போடாமல் காதில் மட்டும் தொங்கவிட்ட யூபிஎஸ் பின்பக்கம் தொங்கி, காது பிதுங்கி, அடியிலிருக்கும் ஸ்விட்சின்மேல் படுத்துக்கிடப்பது இதனால்தான். பெரிய பெட்டியைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் சின்னப் பெட்டியை அலட்சியமாக மாட்டுகிறார்கள்.

ஆகவே உங்கள் 960 நிற்பதில் ஆச்சரியம் இல்லை. அதை ஏற்றும்போது என்ன நடந்தது, பிறகு மிட்பிளேன் மாற்ற இறக்க வேண்டி வந்தால் என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி. கடைசித் திருகைக் கழற்றும் நேரத்தில் அடியில் எதுவும் இல்லை.

செலவுக்_கணக்கு:

கணக்கு சரி, ஒப்புக்கொள்கிறேன். இறக்குவதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. ஆனாலும் சின்ன ஐஎஸ்பிக்காரன் லிஃப்ட் வாங்க எங்கே போவான்?

ஈரோட்டு_இழை:

யூபிஎஸ் இரண்டும் எங்களிடம் காதில்தான் தொங்குகின்றன. இப்போதுதான் போய்ப் பார்த்தேன், கீழ்யூபிஎஸ் முன்னால் நிமிர்ந்து பின்னால் சாய்ந்திருக்கிறது. விரல் நுழையும் இடைவெளி.

பழைய_ஸ்பானர்:

அப்படியானால் 960-க்கு முன்னால் அந்த வேலை. யூபிஎஸ் இரண்டையும் ரெயிலோடு 1-இலிருந்து 4-ஆம் யூ வரை அடியில் இறக்குங்கள். 480-க்கு இரண்டு பக்கமும் கரண்ட் தனித்தனியாக வருகிறது என்றால் ஒவ்வொன்றாக மாற்றலாம், சந்தாதாரருக்குத் தெரியவே தெரியாது. மாற்றுமுன் ஒரு பக்கத்தை அணைத்துப் பார்த்து மறுபக்கம் முழுச் சுமையும் எடுக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

யூபிஎஸ்ஸை அப்படியே தூக்க வேண்டாம். முன்மூடியைத் திறந்து பேட்டரிப் பெட்டியை உருவுங்கள். எடையில் பெரும்பகுதி ஈயம்தான். உருவியபின் மிஞ்சுவதை இருவர் நிதானமாக வைக்கலாம். யூபிஎஸ்ஸை ராக்கில் மாட்டியபின் பேட்டரியைச் செருக வேண்டும்.

5-ஆம் யூ ஷெல்ஃபுக்கு, 6-இலிருந்து 21 வரை 960. கனமானது அடியில் போகும், ராக்கும் தலைகனமாக இருக்காது.

கேஜ்நட்_வேலன்:

துளை எண்ணுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. முதன்முறை ஷெல்ஃப் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஒரு யூ 44.45 மி.மீ, அதில் மூன்று துளை. துளைகளுக்கு இடையே 15.9, 15.9, அடுத்து 12.7 என்று மாறி மாறி வரும். அந்த 12.7 மி.மீ குறுகிய இடைவெளியின் நடுவில்தான் ஒரு யூ முடிந்து அடுத்த யூ தொடங்குகிறது. கண்ணால் பார்த்தாலே மூன்று மூன்றாகப் பிரிந்து தெரியும். தூணில் எண் அச்சிட்டிருந்தால் நல்லது. இல்லையென்றால் நாலு தூணிலும் மார்க்கர் வைத்துக் குறியுங்கள். முன்தூணை மட்டும் குறித்துவிட்டுப் பின்னால் "அதே உயரம்தானே" என்று போட்டால் ஒரு துளை தள்ளிப் போகும். ஷெல்ஃப் போட்டபின் ரசமட்டம் வைத்து முன்பின்னாக, குறுக்காக இரண்டும் பாருங்கள்.

தூணின் சதுரத் துளையில் மாட்டும் கேஜ் நட்டின் இரு பக்கக் காது இடவலமாக இருக்கட்டும். மேல்கீழாகப் போட்டால் எடை அழுத்தும் திசையிலேயே காது நிற்கும். நட்டை மாட்டுவதற்கு அதற்கென்றே ஒரு கொக்கி இருக்கிறது, நட்டுப் பாக்கெட்டுக்குள்ளேயே போட்டுத் தருவார்கள். ஸ்க்ரூடிரைவரை நெம்புகோலாக்கினால் அது வழுக்கி நேரே இடது உள்ளங்கைக்கு வரும்.

இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து வந்த பழைய சாமான் என்றால் திருகைச் சோதியுங்கள். அமெரிக்க ராக்குகளில் 10-32, 12-24 என்ற திருகு அளவுகள் உண்டு. 12-24 திருகு நம் எம்6 நட்டில் ஒரு சுற்று ஏறுவதுபோல ஏறி இறுகிவிடும். இறுகிவிட்டது என்று நம்பி விட்டுவிடுவார்கள், உள்ளே புரி சிதைந்திருக்கும்.

மேட்டுத்தெரு_நோக்:

காது இடவலமா மேல்கீழா என்பது பெரிய விஷயமே இல்லை. சதுரத் துளை, நட்டு எப்படி உட்கார்ந்தாலும் திருகு இறுகியபின் தகடும் தகடும் அழுந்தித்தான் எடை நிற்கிறது. நான் இரண்டு விதமாகவும் போட்டிருக்கிறேன்.

கேஜ்நட்_வேலன்:

இறுகியபின் சரி. இறுகுவதற்கு முன்னால் திருகின் முனையால் நட்டைத் தள்ளும்போது மேல்கீழ்க் காது டக்கென்று பின்னால் விழும். ராக்கின் பின்பக்கம் பேட்ச் கார்டு காட்டுக்குள் அந்த நட்டைத் தேடியவனுக்குத்தான் தெரியும். சரி, இதில் சண்டை வேண்டாம்.

கட்டடக்_கணக்கு:

சிவில்காரன் பேசலாமா? முதல் மாடி, குடியிருப்பு வீடு என்று படித்ததும் நிறுத்திவிட்டேன்.

ராக் காலியாகவே 100 கிலோவுக்கு மேல். 960 ஒரு 150, யூபிஎஸ் இரண்டும் 90, 480-உம் மற்றதும் சேர்த்து ஒரு 100. மொத்தம் 450 என்று வையுங்கள். ராக் பிடிக்கும் இடம் 0.6 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 750 கிலோ. கட்டடச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 இரண்டாம் பகுதியில் வீட்டுத் தளத்துக்கு எடுத்துக்கொள்ளும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது 200 கிலோ சொச்சம். அலுவலகத்துக்கே 2.5-இலிருந்து 4 வரைதான்.

உடனே தளம் இடிந்துவிடும் என்று அர்த்தம் இல்லை. அந்த 200 என்பது அறை முழுவதும் பரவலாக வரும் சுமை. பத்துக்குப் பத்து அறைக்கு மொத்தம் 1800 கிலோ தாண்டி வரும். உங்கள் சிக்கல், 450 கிலோவும் நாலு காலில் இறங்குவது. ஒவ்வொரு காலுக்கும் நூறு கிலோவுக்கு மேல். டைல்ஸுக்கு அடியில் மணல் படுகை சரியில்லை என்றால் முதலில் டைல்ஸ் பிளக்கும், ராக் ஒரு பக்கம் இறங்கும்.

ராக்கை அறை நடுவிலிருந்து உத்தரம் போகும் சுவர் ஓரத்துக்குக் கொண்டுபோங்கள். காலுக்கு அடியில் இரும்புச் சேனல் இரண்டு, உத்தரத்திலிருந்து உத்தரத்துக்குப் போகிற திசையில் நீளமாகப் போட்டு அதன்மேல் ராக்கை நிறுத்தினால் சுமை பரவும். பேட்டரி பேங்க் தனியாக இருந்தால் அது இதே அறைக்கு வரவே கூடாது, கீழ்த்தளத்துக்குப் போகட்டும். உள்ளூர் இன்ஜினியர் ஒருவரை ஒருமுறை நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். கீழே நின்று கூரையைப் பார்த்தால் கம்பி துருத்தித் தெரிகிறதா, விரிசல் இருக்கிறதா என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

அடையாறு_பிங்:

இதோடு ஒன்று சேர்க்கிறேன். சென்னை 2002 திருத்தத்தில் நிலநடுக்க மண்டலம் 2-இலிருந்து 3-க்கு வந்தது. அதன்பிறகு எங்கள் அலுவலகத்தில் எல்லா ராக்குகளையும் தரையோடு ஆங்கர் போல்ட் அடித்துவிட்டோம். நிலநடுக்கமே வராவிட்டாலும் லாபம்தான். ஸ்லைடு ரெயிலில் இருக்கும் சர்வரை முழுக்க வெளியே இழுக்கும்போது ராக் முன்னால் சாய்வதை அந்தப் போல்ட்தான் பிடித்தது. வெளியே இழுத்த சர்வர்மேல் லேப்டாப் வைத்து வேலை செய்கிறவர்களை என்ன செய்வது என்று மட்டும் இன்னும் தெரியவில்லை.

ஈரோட்டு_இழை:

ராக்கை நகர்த்த வேண்டும் என்றால் இப்போதே நகர்த்திவிடலாமா? சக்கரம் இருக்கிறதே.

பழைய_ஸ்பானர்:

இப்போதே. 960 ஏறியபின் தொடவே கூடாது. ராக்கின் கேட்டலாக்கில் நிற்கும்போது தாங்கும் எடை ஒன்று, உருளும்போது தாங்கும் எடை ஒன்று என்று இரண்டு எண் இருக்கும். உருளும் எண் எப்போதும் குறைவு. எல்லாரும் பெரிய எண்ணைப் பார்த்துவிட்டு உருட்டுவார்கள். டைல்ஸ் இணைப்பில் ஒரு சக்கரம் சிக்கினால் போதும்.

இடம் முடிவானதும் நாலு காலையும் இறக்கிச் சக்கரம் தரையில் படாமல் செய்யுங்கள். சக்கரத்தின் மேலே நிற்கும் ராக்கில் கனமான எதையும் ஏற்றக் கூடாது. பிரேக் போட்டிருக்கிறேன் என்பதெல்லாம் பதில் இல்லை. பிறகு தரையில் போல்ட், முடியாவிட்டால் மேல்பக்கம் சுவரோடு ஒரு பிராக்கெட்.

லிஃப்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள் செலவுக்கணக்கு சார். வாங்க வேண்டாம். சிசர் டேபிள் என்று கைத்தள்ளு வண்டிபோல இருக்கும், காலால் மிதித்தால் தட்டு மேலே எழும். ஒர்க்‌ஷாப்பில், அச்சகத்தில், ஜவுளி குடோனில் எல்லாம் இருக்கும். ஒருநாள் வாடகைக்கோ சிநேகத்துக்கோ கிடைக்கும். ஈரோட்டில் குடோனுக்கா பஞ்சம்? 6-ஆம் யூவின் அடி தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு அடிதான் வரும், அந்த உயரத்துக்குச் சாதாரண டேபிள் போதும். தாங்கும் எடை தட்டிலேயே எழுதியிருக்கும், பாருங்கள்.

ஏற்றும்போது ஒருவர் மட்டும் குரல் கொடுக்கட்டும். ஐலசா பாட்டு வேண்டாம், அது வெடுக்கென்று இழுக்கும் வேலைக்கு. இது மெதுவாக வைக்கும் வேலை. மோதிரம், கைச்சங்கிலி கழற்றிவிட்டு, செருப்பில்லாமல் ஷூ போட்டு நில்லுங்கள்.

வல்வெட்டி_ரூட்டர்:

நாங்கள் யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய டெலிகொம் ராக்கில் இதே மாதிரிப் பெட்டியை ஏற்றப் பார்த்தோம். துளையே பொருந்தவில்லை. அது ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தரநிலைப்படி செய்த ஈடிஎஸ்ஐ ராக். அகலம் 19 அங்குலம் இல்லை, துளைகள் 25 மி.மீ இடைவெளியில் ஒரே சீராக வரும். 19 அங்குலச் சாமானுக்கு அடாப்டர் பிராக்கெட் வேண்டும். ஈரோட்டு அண்ணா, உங்களுடையது சாதாரண ராக் என்றபடியால் கவலை இல்லை. பழைய எக்ஸ்சேஞ்ச் ராக் வாங்குகிற ஆட்கள் அளந்து பார்த்து வாங்குங்கோ.

ஈரோட்டு_இழை:

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஏற்றிவிட்டோம். எப்படி நடந்தது என்று எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

இன்ஜினியர் வந்து பார்த்தார். ராக்கை வடக்குச் சுவர் ஓரம் கொண்டுபோகச் சொன்னார், அடியில் சேனல் போட்டோம். ராக் காலியாக இல்லை, 480 ஓடிக்கொண்டிருந்தது. அதனால் அதே அளவில் இன்னொரு ராக் வாங்கிப் புது இடத்தில் நிறுத்தி, காலை இறக்கி, போல்ட் அடித்துவிட்டோம். 960-ம் யூபிஎஸ்களும் இதில், 480 பழைய ராக்கிலேயே இருக்கட்டும் என்று முடிவு. செலவு கூடியது. ஆனால் கட்டடக்கணக்கு சார் சொன்ன 450 கிலோ இரண்டாகப் பிரிந்தது.

கீழே ஷெட்டில் எல்லாம் உருவினோம். கார்டு ஒவ்வொன்றையும் ஆன்டி ஸ்டாட்டிக் பையில் போட்டு ஒவ்வொருவராக மாடிக்குக் கொண்டுபோனோம். வெற்றுக் கூட்டுக்கு அடியில் அகலமான பெல்ட் இரண்டு கொடுத்து, தோளில் மாட்டி நாலு பேர் படியேற்றினார்கள். படி அகலமாக இருந்ததால் முடிந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் கட்டையின்மேல் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். டேபிளைத் துணி குடோன் நண்பரிடம் வாங்கி, முன்னாலேயே மாடிக்கு ஏற்றியிருந்தோம்.

ஷெல்ஃபுக்கு எதிரே டேபிளை நிறுத்திப் பிரேக் போட்டு, தட்டை ஷெல்ஃபைவிட ஒரு மயிரிழை உயர்த்தினோம். கூட்டைத் தள்ளியதும் பாதி ஷெல்ஃபிலும் பாதி டேபிளிலும் நின்றது. அப்போது ஒருவர் பின்னால் போய் வழிகாட்ட, இன்னும் தள்ள, காது தூணில் தட்டியது. ஒருவர் கைகூட எடையைத் தாங்கவில்லை. திருகை அடியிலிருந்து தொடங்கினோம். எல்லாவற்றையும் விரலால் மூன்று சுற்று ஏற்றிவிட்டு அப்புறம்தான் ஸ்பானர். மேல் துளை இரண்டு லேசாக விலகியிருந்தன, அடித்திருகைத் தளர்த்தியதும் நேராகிவிட்டது. முதலிலேயே இறுக்கியிருந்தால் புரி போயிருக்கும்.

விற்றவர் போன் செய்து "எத்தனை லோடுமேன் வைத்தீர்கள்" என்று கேட்டார்.

கடல்தாண்டி:

அருமை. எர்த் எப்போது கொடுத்தீர்கள்?

ஈரோட்டு_இழை:

கூடு நின்றதும் முதல் வேலை அதுதான். பெயிண்டைச் சுரண்டி, ஒயர் முனையில் இரண்டு துளை லக் வைத்து, ராக்கின் எர்த் பட்டைக்கு. பிறகுதான் பவர் சப்ளை செருகினோம். கழற்றும்போது எர்த் கடைசி என்று ராக் கதவிலேயே எழுதி ஒட்டிவிட்டேன்.

பழைய_ஸ்பானர்:

நல்லது. காலி ஸ்லாட்டில் மூடித் தகடான பிளேங்க் போட்டுவிடுங்கள். 960 முன்னாலிருந்து காற்றை இழுத்துப் பின்னால் விடும். ஒரு ஸ்லாட் திறந்திருந்தாலும் காற்று அந்த வழியாகத் தப்பும். பழைய ராக்கில் இருக்கும் 480 பக்கவாட்டில் இழுப்பது, அதன் பக்கத் தகட்டை ஒட்டிப் புது ராக்கை நிறுத்தவில்லையே?

ஈரோட்டு_இழை:

இல்லை, நடுவில் ஓர் ஆள் போகும் வழி இருக்கிறது. கதவு மட்டும் ஒரு சந்தேகம். கேபிள் மேனேஜர் மாட்டியதும் முன்கதவு மூட இடம் போதவில்லை.

கேஜ்நட்_வேலன்:

960-க்கு முன்கதவு தேவையே இல்லை, கழற்றி வைத்துவிடுங்கள். பூட்டு வேண்டும் என்றால் அறைக் கதவுக்குப் போடுங்கள். முன்தூணைப் பின்னால் தள்ளலாம்தான், ஆனால் அதற்கு 960-ஐ இறக்க வேண்டும்.

புது_பேட்ச்:

இழையை இப்போதுதான் படித்தேன். எங்களிடம் ராக் தரையில் இல்லை, 9 யூ சுவர் ராக். ஏஏசி எனும் லேசான காற்றறைக் கல் சுவர். அதில் 2 யூ யூபிஎஸ் வைக்கலாமா?

கட்டடக்_கணக்கு:

ஏஏசி கல்லில் சாதாரண ரால் பிளக் அடித்து 45 கிலோ தொங்கவிடாதீர்கள். கல் உதிர்ந்து பிளக் மாவோடு வெளியே வரும். சுவரைத் துளைத்து மறுபக்கம் தகடு வைத்து போல்ட் போடலாம், அல்லது கெமிக்கல் ஆங்கர். அதைவிட யூபிஎஸ்ஸைத் தரையில் வைத்து ஒயரை மேலே கொண்டுபோங்கள். சுவர் ராக்கில் ஸ்விட்சும் பேட்ச் பேனலும் மட்டும் இருக்கட்டும்.

பழைய_ஸ்பானர்:

கூடவே 177 கிலோ கணக்கையும் மேலே பாருங்கள் தம்பி. சுவர் ராக்கில் பெரும்பாலும் முன்தூண் மட்டும்தான் இருக்கும், பின்னால் தாங்க எதுவும் கிடையாது. யூபிஎஸ் தரைக்கே போகட்டும்.